முழுப் பதிலுக்கு இங்கே அழுத்தவும்

பதில் வள்ளல் என்றொரு இனம் இப்போது பெருகி வருகிறது. கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுப்பவர் வள்ளல். கேட்டவரையே பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துப் போகிறவர் பதில் வள்ளல். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒருவரைப் பாருங்கள். வீட்டில் எது பழுதானாலும் வழி சொல்வதாக ஒரு வெப்சைட் தொடங்கினார். பல்பு மாட்டுவதற்கே மச்சானைக் கூப்பிடுகிற மனிதர். முகப்புப் படத்தில் ஸ்பானரும் கையுமாகச் சிரிக்கிறார். கடையைத் திறந்தாயிற்று, ஆள் வர வேண்டாமா? சரக்கு நன்றாக இருந்தால் ஆள் தானாக வரும். சொந்தக் கையை நம்பிக் கடை போட்டவன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். இவரிடம் சரக்குதானே இல்லை? போய்க் கேள்வி-பதில் தளங்களில் உட்கார்ந்தார்.

கதவு கிறீச்சிடுகிறது என்று யாரோ ஒரு அப்பாவி எழுதியிருப்பான். எண்ணெய் விடு என்றால் தீர்ந்தது. வள்ளல் விடுவாரா? “மிக அருமையான கேள்வி” என்று ஆரம்பித்து, மனித வாழ்வில் கதவுக்கு உள்ள இடத்தை விளக்கி, கதவு கத்துவதற்குப் பல காரணங்கள் உண்டென்று ஆசை காட்டி, குழந்தை வாயைத் திறக்கும்போது கரண்டியைப் பின்னால் இழுப்பதுபோல, “முழுப் பதிலுக்கு இங்கே அழுத்தவும்” என்று முடிப்பார். யாரும் எதுவும் கேட்காத நாளில்? மனைவி பெயரில் கேள்வி, தன் பெயரில் பதில், மாமியார் பெயரில் “என் வாழ்க்கையே மாறிவிட்டது, நன்றி ஐயா!” அந்த அம்மா உயிரோடு இருந்தவரை இவரை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

“என் பேர்ல இன்னைக்கு என்னத்தைக் கேட்டீங்க?” என்பாள் மனைவி.

“கரப்பான்பூச்சியை எப்படி விரட்டறதுன்னு.”

“இதோ உங்க கால்கிட்டயே ஓடுது, விரட்டுங்க!”

“சும்மா இரு, இப்பத்தான் நாலு பேர் என் சைட்டுக்குள்ள வர்றாங்க.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் குழாய் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் பீறிட்டுக் கூடத்துக்கு வந்தது. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் குடியிருக்கிறார். இன்னொரு தடவை தன் கூரையில் ஈரத்தைப் பார்த்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வதாக எச்சரித்தவர். மனைவி துண்டை வைத்துக் குழாயை அமுக்கிக்கொண்டு நின்றாள்.

“மரம் மாதிரி நிக்காதீங்க! தண்ணியை எப்படி நிறுத்தறது?”

“பாத்துக்கிட்டே இருக்கேன், பொறு!”

எங்கே பார்த்தார்? போனில். கேள்வியைத் தட்டினார். நிறையப் பேர் பாராட்டிய பதில் முதலில் வந்து நின்றது. “மிக அருமையான கேள்வி. நீரின்றி உயிரில்லை…” அடடா, யார் இவ்வளவு அழகாக எழுதியது என்று ஒரு கணம் மெச்சிக்கொண்டார். எழுதியவர் அவரேதான். பாராட்டியவர் மாமியார். வேறு வழியில்லாமல் அந்த “இங்கே”யை அழுத்தினார். ஸ்பானரும் கையுமாகத் தன் முகமே சிரித்தது. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: “இந்தப் பக்கம் விரைவில் வெளியாகும்.”

அடுத்த பதிலை அழுத்தினார். அதை எழுதியவனும் ஒரு வள்ளல்.

மனைவி துண்டைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். “அக்கா! குழாய் உடைஞ்சுபோச்சு!”

“மொட்டைமாடில டேங்க் அடியில வால்வு இருக்கும், மூடும்மா!” என்றாள் எதிர்வீட்டுக்காரி. அருமையான கேள்வி என்றுகூடச் சொல்லவில்லை.

மனைவியே ஏறிப் போய் மூடினாள். இறங்கி வருவதற்குள், தலை சொட்டச் சொட்ட வீட்டுக்காரர் வாசலில் நின்றார். “போதும் சார். வேற வீடு பாத்துக்குங்க.”

நம்மவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? ஈர நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்து, மனைவி பெயரில் எழுதினார்: “வாடகை வீட்டைத் திடீரென்று காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது?” பிறகு தன் பெயருக்கு மாறினார். “மிக அருமையான கேள்வி.”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சாமான் கட்ட அட்டைப்பெட்டி கேட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. அன்றைக்கு ஒருவர் முட்டிவலிக்கு நல்ல டாக்டர் யார் என்று உங்களைக் கேட்டாரே, பெயரைச் சொன்னீர்களா? அல்லது உங்களுக்கு நடந்த ஆபரேஷன், அதற்காக விமானமேறி வந்த மகன், அவன் வாங்கியிருக்கும் கார், அதன் நிறம் என்று எல்லாவற்றையும் சுற்றிக் காட்டி அனுப்பிவைத்தீர்களா? மனிதர் இன்னும் நொண்டிக்கொண்டுதான் போகிறார்.