சாவி குறித்த மீள்சிந்தனை

மனித குலம் கண்ட அமைப்புகளில் உன்னதமானது எங்கள் 'அனர்த்த மீள்சிந்தனைக் குழு'. ஊவா மாகாணத்தில் அதற்கு இணையில்லை. நான் அதன் செயலாளர்.

முடிவு எடுப்பது சுலபம். யாரும் எடுப்பார்கள். மீள்சிந்தனைக்குத்தான் அமர்வை நடத்த வளவாளர் வேண்டும், வட்டமாகப் போட்ட நாற்காலி வேண்டும், வண்ணத்தாளும் பிஸ்கட்டும் வேண்டும்.

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் கடைசி லயத்தின் பின்சுவர் பிளந்துவிட்டது. சுவருக்குப் பின்னால் மலையும் பிளந்திருந்தது. மழை விடும்வரை சமூக மண்டபத்தில் தங்க விடுங்கள் என்று லயத்தார் கேட்டார்கள். மண்டபம் பாறைமேல் நிற்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது. உடனே அதே மண்டபத்தில் ஒரு செயலமர்வு ஏற்பாடு செய்தோம்.

பதுளையிலிருந்து வந்த வளவாளர் ஜீவன் கனிவோடு தொடங்கினார். "சுவர் வெடிப்போட உங்களுக்குள்ள அனுபவத்தப் பகிர்ந்துகொள்ளுங்க."

லயத்துச் சின்னராசா எழுந்தார். "கைய விட்டா முழங்கை வரைக்கும் போகுதுங்க."

"அப்ப உள்ளுக்குள்ள என்ன உணர்ந்தீங்க?"

"ஈரமா இருந்துச்சுங்க."

"மனசுக்குள்ள?"

"கைய வெளிய எடுத்துறணும்னு இருந்துச்சுங்க."

ஜீவன் கண்கலங்கினார். அதைப் பச்சைத் தாளில் எழுதி ஒட்டினோம்.

சின்னராசாவின் மகள் நிரஞ்சலா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். "சார், சாவி தருவீங்களா, மாட்டீங்களா?"

"அது முடிவு, தங்கச்சி," என்றேன். "நாம இன்னும் மீள்சிந்தனையிலதான் இருக்கோம்."

"நீங்க பாட்டுக்கு சிந்திங்க சார். நாங்க ஓரமா படுத்துக்கிறோம். சத்தமே போட மாட்டோம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இந்த 'முதிர்ச்சியின்மை' மஞ்சள் தாளில் பதிவாயிற்று. பிறகு எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்து, லயத்துக்கு அனுப்பிவிட்டு, மண்டபத்தைப் பூட்டினேன்.

மழை வலுத்தது. பொழுது சாயுமுன் நிரஞ்சலா அலவாங்கால் பூட்டை உடைத்தாள். பாய், சட்டி, கோழி சகிதம் லயம் முழுவதும் உள்ளே போயிற்று. விடியுமுன் மலை இறங்கியது. லயம் இருந்த இடத்தில் சேறுதான் மிச்சம். ஓர் உயிர்கூடப் போகவில்லை. கோழிகளும் நலம்.

காலையில் குழு அவசரமாகக் கூடியது. யாரும் உட்காரக்கூட இல்லை. எங்கள் வரலாற்றிலேயே முதன்முறையாக, ஏகமனதாக, ஒரு முடிவு எடுத்தோம்.

பூட்டை உடைத்த நிரஞ்சலாமீது பொலிஸில் முறைப்பாடு.