அந்தோணியின் கை மறைத்த மூன்று திருகுகள்

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. ஆனாலும் காசிமேட்டில் நான் கைவைத்து ஓடாத படகு எஞ்சின் கிடையாது. (பெரிய படிப்பு படித்தவர்களே என்னிடம் யோசனை கேட்டுப் போயிருக்கிறார்கள்.) அந்தப் பெருமையை ஒரு பாட்டுப்பெட்டி ஒரே நாளில் கவிழ்த்துவிட்டது.

ராயபுரத்து என் தோஸ்து அந்தோணி, கச்சேரிக் குழுவில் பழைய சிந்தசைசர், அதாவது கரண்டில் பாடும் கீபோர்டு, வாசித்தவன். மரச் சட்டம், கறுப்பு முகம், அதில் ரேடியோவில் இருப்பதுபோல் கையால் திருப்புகிற முப்பது திருகு. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். டீசல் எஞ்சின் மாதிரி, சூடேறினால்தான் சுருதி நிற்கும்.

அவன் இறந்து முதல் வருஷப் பூசை. கோயிலிலிருந்து வந்ததும் அவன் கடைசியாக அதில் வைத்துவிட்டுப் போன சத்தத்தைக் கேட்க வேண்டும் என்பது அவன் மனைவி பிலோமினாவின் ஆசை. திருகுகள் கரகரத்ததால் முந்தின நாளே என்னைக் கூப்பிட்டார்கள். துடைத்து, ஸ்பிரே அடித்துச் சரிசெய்தேன். எஞ்சினை ஒப்படைக்கும் முன் எல்லாக் கைப்பிடியையும் கீழே இறக்கி வைப்பது என் தொழில் ஒழுக்கம். அதேபோல் முப்பது திருகையும் சுழியத்தில் நிறுத்தினேன்.

மறுநாள் சொந்தபந்தம் கூடியிருக்க, மகள் ஸ்டெல்லா கட்டையை அழுத்தினாள். சத்தமே இல்லை. நான் கம்பீரமாகப் போய் நாலைந்து திருகை ஏற்றினேன். பெட்டி கப்பல் சங்காக ஊதியது. (ஒரு பெரியவர் சிலுவை போட்டுக்கொண்டார்.)

"இது அப்பா சவுண்டு இல்ல மாமா. திருக இன்னா பண்ணீங்க?"

"எல்லாத்தையும் நேரா வெச்சேன்மா. ஒண்ணொண்ணும் ஒரு பக்கம் பாத்துகினு கலீஜா இருந்துச்சு."

"அய்யோ! இதுக்கு ஞாபகமே கெடையாது மாமா. திருகு எங்க நிக்குதோ அதான் சவுண்டு. அப்பா வெச்சத ஒரு வருசமா யாரும் தொடல."

பெட்டிதான் இருக்கிறதே என்று யாரும் பதிவு செய்தும் வைக்கவில்லை. பிலோமினா பெட்டியை மூடும் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். திட்டியிருந்தால் தேவலை.

அப்போதுதான் மாலை போட்ட படம் கண்ணில் பட்டது. கடைசிக் கச்சேரியில், அந்தப் பெட்டியோடு அந்தோணி. ஸ்டெல்லா அதை செல்போனில் பிடித்துப் பெரிதாக்கி, எது எங்கே நிற்கிறது என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொரு திருகாக வைத்தேன். சங்கு மெல்ல இளகியது. பிலோமினா கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்தேழு ஆயிற்று. மீதி மூன்றையும் அவன் வலது கை மறைத்திருந்தது.

"கைய எட்றா டேய்!" என்று படத்தைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

அந்த வருஷத்தில் பிலோமினா முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

இன்றும் ஒவ்வொரு வருஷப் பூசை முடிந்ததும் அந்த மூன்றைத் திருகிப் பார்க்கிறோம். இரண்டு அகப்பட்டுவிட்டது என்கிறேன் நான். ஒன்றுதான் என்கிறாள் பிலோமினா. எந்தக் கல்யாணத்தில் கீபோர்டு வாசிப்பவரை யார் படமெடுத்தாலும் பின்வரிசையிலிருந்து அவள் குரல் வரும்:

"அண்ணே, கைய எடு!"