புல்லில் கிடந்த மஞ்சள் கொடி

நடுவர் வெர்லின் நொவாட்னி தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். கொடி இல்லை.

அது எங்கே இருக்கிறது என்பதில் சந்தேகமும் இல்லை. எதிரே நாலடி தூரத்தில், பிளம் க்ரீக் ஊரே பார்க்கும்படி புல்லின் மேல் மஞ்சளாகக் கிடந்தது. ஆட்டக்காரன் தப்பு செய்தால் நடுவர் எறிய வேண்டிய கொடி அது. எறிந்ததாக வெர்லினுக்கு ஞாபகமே இல்லை.

அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடியப் பத்து விநாடிதான் பாக்கி. பிளம் க்ரீக் பள்ளிக்கூடப் பையன்கள் பக்கத்து ஊரிடம் தொடர்ந்து பதினொரு வருஷமாகத் தோற்றவர்கள். இப்போதுதான் ஒருவன் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி ஜெயிக்கிற புள்ளியை எடுத்து, மேலே தொற்றிய பத்துப் பேரை இழுத்துக்கொண்டு வெர்லினின் காலடியில் விழுந்திருந்தான். ஊர்க்காரர்கள் கையில் இருந்த மாட்டு மணிகள் காதைப் பிளந்தன. கொடியைக் கண்டதும் ஒவ்வொன்றாக அடங்கின.

கூட்டத்தில் பாதிப் பேர் வெர்லினிடம் பன்றித் தீவனம் வாங்குகிறவர்கள். திங்கட்கிழமை அவர்கள் வீட்டு வாசலில்தான் போய் நின்றாக வேண்டும். எல்லாம் இடைவேளையில் வந்த வினை. காரக் குழம்பில் தோய்த்துப் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி மூன்றை உள்ளே தள்ளிவிட்டு, பெல்ட்டை ஒரு துளை தளர்த்தியிருந்தார். கொடி நழுவிவிட்டது!

"சார்..." என்றது பின்னால் ஒரு குரல். தூரம் அளக்கிற சங்கிலியின் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உள்ளூர்க்காரர் டெல்மர்.

"பேசாதீங்க! ஆட்டத்துக்கு முன்னாடியே சொன்னேன்ல? சங்கிலி பிடிக்கிறவங்க கடைசி விசில் வரைக்கும் வாயே திறக்கக் கூடாது. விதின்னா விதிதான்!"

டெல்மர் கம்போடு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

வெள்ளைத் தொப்பி போட்ட தலைமை நடுவர் கேலர்டும் விழுந்து கிடந்த பையன்களின் குவியலுக்குப் பக்கத்தில்தான் மூச்சிரைக்க நின்றார். முகம் வெளுத்திருந்தது. குனிந்து கொடியை எடுத்து, அவசரமாகத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"வெர்லின்... நீ ஏதாவது பார்த்தியா?"

'நழுவிடுச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன வருஷம் அப்படிச் சொன்ன ஒரு நடுவரை இன்றைக்கும் சங்கத்தில் 'ஓட்டைப் பாக்கெட்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த நடுவரின் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"பிடிச்சு இழுத்தான்," என்றார் வெர்லின்.

"யாரு?"

"உள்ளூர்ப் பையன்தான். எழுபத்தொண்ணு."

"அப்படிப் போடு!" கேலர்டின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

கேலர்ட் அதை அறிவித்து முடிப்பதற்குள் உள்ளூர்ப் பயிற்சியாளர் ராஸ்முசன் பாய்ந்து வந்தார். "யோவ், எழுபத்தொண்ணா? அதோ பாருய்யா, பெஞ்சுல மாவுக்கட்டோட உட்கார்ந்திருக்கான்! அங்கேருந்து கையை நீட்டிப் பிடிச்சானா?"

பெஞ்சில் இருந்த பையன் மாவுக்கட்டுக் காலைத் தூக்கிக் காட்டினான். கூட்டம் உறுமியது.

"இல்லை... எதிரணி எழுபத்தொண்ணு!"

மாட்டு மணிகள் மறுபடி முழங்கின. எதிரணி செய்த தப்பு என்றால் உள்ளூர் எடுத்த புள்ளி நிற்கும். வெர்லின் மூச்சு விட்டார். பாதி மூச்சுதான் விட முடிந்தது.

"எங்க எழுபத்தொண்ணு என் பக்கத்துல தண்ணி குடிச்சிட்டு நிக்கிறான்!" என்று கத்திக்கொண்டு எதிரணிப் பயிற்சியாளர் வந்தார். கையோடு பையனையும் இழுத்து வந்திருந்தார். பையன் வாயில் இன்னும் தண்ணீர் இருந்தது.

"சார், ஒரே ஒரு வார்த்தை..." என்றார் டெல்மர்.

"இன்னொரு தடவை வாயைத் திறந்தா மைதானத்தை விட்டே அனுப்பிடுவேன்!"

கேலர்ட் வெர்லினின் காதோரம் குனிந்தார். "ரெண்டு பக்கமும் பிடிச்சாங்க, எண் சரியாத் தெரியலைன்னு வச்சுக்குவோம். தப்புக்குத் தப்பு சரியாப் போச்சு. திரும்ப ஆடட்டும். என்ன சொல்றே?"

"சரிங்க," என்றார் வெர்லின். அந்த நேரத்தில் அவரைக் கொலைக் கேசில் சேர்த்திருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

திரும்ப ஆடினார்கள். பந்து கைக்கு வந்ததும் பிளம் க்ரீக் பையன் அதை நழுவவிட்டான். எதிரணியின் குண்டுப் பையன் ஒருவன் அதன் மேல் படுத்துவிட்டான். பன்னிரண்டாவது வருஷமும் தோல்வி. கேலர்ட் கடைசி விசிலை ஊதினார். ஊதிய கையோடு, வாசல் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. கூட்டம் படிகளில் மெதுவாக இறங்கி, வெர்லினின் கார் நின்ற திசையில் நடந்தது. பக்கத்தில் நின்றது டெல்மர் ஒருவர்தான்.

"இப்போ பேசலாமா சார்?"

"பேசுங்க," என்று வெர்லின் கண்ணை மூடிக்கொண்டார். "திட்டணும்னா திட்டிடுங்க."

"திட்டலை சார். பெல்ட்டைத் தளர்த்தும்போது நீங்க பின் பாக்கெட்டுல சொருகின கொடி அங்கேயேதான் இருக்கு. கீழே கிடந்தது, வெள்ளைத் தொப்பிக்காரர் ஓடி வரும்போது அவர் இடுப்புலேருந்து விழுந்தது."