கப்பல் வந்ததும் கல்யாணம்

என்னை யாரும் ஏமாற்றவில்லை. நானே ஆட்டோ பிடித்துப் போய் ஏமாந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பார்த்துப் பாவம் என்பீர்கள். அந்தப் பாவத்துக்கு நான் லாயக்கில்லை.

வெளிநாட்டில் சில புத்திசாலிகள் கம்ப்யூட்டரில் ஆடுகிற ஒரு விண்வெளி விளையாட்டு செய்யப்போவதாக இணையத்தில் அறிவித்தார்கள். அண்டம் முழுக்கப் பறக்கலாம், சரக்கு ஏற்றலாம், சண்டை போடலாம். ஒரே ஒரு குறை, விளையாட்டு இன்னும் இல்லை. ஆசைப்படுகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் முன்பணம் போட்டால் செய்வார்கள். போட்டவர்களுக்கு, விளையாட்டு வரும்போது ஓட்டிக்கொள்ள ஒரு விண்கலம் உண்டு. எனக்கு அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்த புதிது. பில் போடுகிற மென்பொருளில் தப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை. (ஊரான் தப்பு எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.) முதல் போனஸ் வந்த அன்றே கப்பல் வாங்கிவிட்டேன். கப்பல் என்றால், கப்பலின் படம்.

அடுத்த தீபாவளிக்கு விளையாட்டு வெளியாகும் என்றார்கள். அதே வாரம் அம்மா ஒரு ஜாதகத்தை நீட்டினாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இந்த கேம் வரட்டும்மா. ஒரு மாசம் ஆசை தீர ஆடிட்டு, நீ கை காட்டுற ஆளுக்குக் கழுத்த நீட்டறேன். சத்தியம்" என்றேன்.

அம்மா சத்தியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தீபாவளி வந்தது, கேம் வரவில்லை. இன்னும் மெருகேற்ற வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும் என்று மின்னஞ்சல் வந்தது. பிறகு பொங்கல், பிறகு அடுத்த தீபாவளி. ஒவ்வொரு பண்டிகைக்கும் அம்மா "வந்துச்சாடி?" என்பாள், "தள்ளிப் போயிடுச்சும்மா" என்பேன். மெருகேற்றினார்கள், மெருகேற்றினார்கள், பாத்திரமே தேய்ந்து போகிற அளவுக்கு மெருகேற்றினார்கள். சொந்தக்காரர்கள் என் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் அம்மா கூசாமல், "மலருக்கு ஆபீஸ்ல ஒரு பெரிய பிராஜெக்ட், அது முடியணும்" என்று சொல்லிவந்தாள்.

எனக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் என் தங்கை சுதாவுக்கு.

சுதாவுக்குச் சென்னீர்குப்பத்துப் பிரபுவைப் பிடித்திருந்தது. இரு வீட்டிலும் தெரியும், இரு வீட்டிலும் சம்மதம். ஆனால் அக்கா இருக்கத் தங்கைக்கு எப்படி முடிப்பது? பிரபுவின் அப்பா லாரிக்கு பாடி கட்டும் ஷெட் வைத்திருந்தார். வார்த்தை சுத்தம் பார்க்கிற மனிதர். இரண்டு தடவை பொறுத்தார். மூன்றாவது தடவை, மகனுக்கு வேறு இடத்திலிருந்து வரன் வந்திருப்பதாகவும், பெரியவள் கல்யாணத்துக்கு ஒரு தேதி சொன்னால் சுதாவுக்காகக் காத்திருப்பதாகவும், இல்லாவிட்டால் அங்கே பேசி முடித்துவிடப்போவதாகவும் சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் விளையாட்டு நிறுவனத்தின் பெரிய நேரலையும். வெளியீட்டுத் தேதியை அறிவிக்கப் போகிறார்கள் என்று உலகம் முழுக்கப் பேச்சு. எனக்கு நம்பிக்கை வழிந்தது. சுதாவிடம் "இன்னிக்கு தேதி வந்துடும்டி, பாரு" என்றேன். அவள் கேசரி கிண்டிக்கொண்டே, "வந்துடும்ல அக்கா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

திருமுல்லைவாயிலில் எங்கள் சின்ன ஹாலில் பிரபு, அவன் அப்பா, அம்மா மூவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். காபி வந்தது. பிரபுவின் அப்பா சுற்றி வளைக்கவில்லை.

"இன்னாம்மா, உன் பிராஜெக்ட் எப்பதான் முடியும்?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல தேதி சொல்லிடுவாங்க அங்கிள். டிவில லைவா வருது" என்றேன். (கல்யாணத் தேதியை வெள்ளைக்காரன் வாயால் சொல்லவைக்கப் பார்த்த ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.) டிவியைப் போட்டேன். நிறுவனத்தின் பெயர் திரை நிறைய வந்தது, பின்னால் நட்சத்திரங்கள், கப்பல்கள்.

"இதுல நீ இன்னா வேலை பாக்குற?"

"டெஸ்டிங் அங்கிள்."

ஒருவர் மேடையில் பேச ஆரம்பித்தார். பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். கப்பல் கதவு திறக்கும்போது வரும் சத்தத்தைப் புதிதாகப் பதிவுசெய்ததை மட்டும் ஒரு பாட்டம் விளக்கினார். கேசரி ஆறியது. பிரபுவின் அம்மா கொட்டாவியைப் புடவைத் தலைப்புக்குள் விட்டார். தேதியைப் பற்றி மூச்சே இல்லை. அப்புறம் திரையில் ஒரு புதுக் கப்பல் சுழன்றது. வெள்ளி நிறம், நீள மூக்கு. இந்த நேரலை முடியும்வரை மட்டும் சலுகை விலை.

இதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது. அன்றைக்கு அந்தக் கை கூசவில்லை.

செல்லை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு வாங்கிவிட்டேன். வெளிநாட்டுக் கடை, ஓடிபி கூடக் கேட்கவில்லை. வழக்கமாக ஒவ்வொரு புதுக் கப்பலையும் கிரெடிட் கார்டில்தான் வாங்குவேன். அந்த மாதம் அது மூச்சுவிட முடியாமல் கிடந்ததால், கல்லூரியில் படிக்கும்போது அப்பா திறந்துகொடுத்த வங்கிக் கணக்கிலிருந்து எடுத்தேன். அந்தக் கணக்கின் குறுஞ்செய்தி எல்லாம் இன்னும் அப்பா செல்லுக்குத்தான் போகும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

அப்பா ஆவடியில் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிற குறுஞ்செய்தி எதுவானாலும் சத்தமாக வாசிப்பார். செல் டிங் என்றது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"யுவர் அக்கவுண்ட்... டெபிட்டட்..." தொகையை நிறுத்தி நிதானமாக வாசித்தார். பிறகு பணம் போன இடத்தின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

பிரபுவின் அப்பா அவரைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"டிவில போட்டுகினு கீற அதே பேரு. இல்ல?"

நான் மடியிலிருந்த செல்லைத் துப்பட்டாவால் மூடினேன்.

"அப்போ அவன் உனக்குச் சம்பளம் குடுக்கல. நீதான் அவனுக்குக் குடுத்துகினு கீற." எழுந்துவிட்டார். "இது இன்னா, வெளையாட்டு சாமானா? இதுக்கா எங்கள இத்தினி நாளா காக்க வச்சீங்க? வாணாம் சார். எங்களுக்கு இது சரிப்படாது."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வாசல்வரை ஓடினாள். பிரபு ஒரு முறைகூடத் தலையைத் தூக்கவில்லை. அந்தச் சோதாப் பயல்மேல் அன்று ஆத்திரப்பட்டேன், இன்றும் படுகிறேன், ஆனால் அந்த ஆத்திரத்துக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சுதா கேசரித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். டிவியில் கைதட்டல், நேரலை முடிந்தது.

"தேதி சொன்னாங்களா அக்கா?"

"இல்லடி."

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அழுதிருந்தால் தேவலை. திட்டியிருந்தால் இன்னும் தேவலை.

அந்த ஆவணியிலேயே பிரபுவுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டுக்கும் பத்திரிகை வந்தது. சுதா பிறகு வந்த வரன்களை எல்லாம் வேண்டாம் என்றாள். இப்போது ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அம்மாவும் ஒரு கட்டத்தில் ஜாதகக் கட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். வயது ஏறிய இரண்டு பெண்கள், ஒரே அறை, இரண்டு கட்டில். விளையாட்டு இன்னும் வரவில்லை.

வீட்டில் மிஞ்சியது ஒரு கிண்டல்தான். தண்ணீர் லாரி வராவிட்டால் அம்மா, "மலரோட கப்பல்ல வந்துட்டிருக்கு" என்பாள். கேஸ் சிலிண்டருக்கும் அதே, கடன் வாங்கிப்போன சித்தப்பாவுக்கும் அதே. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். எல்லோரும் சிரிப்போம். சுதா மட்டும் அந்த நேரத்தில் எழுந்துபோய் ஏதாவது வேலை பார்ப்பாள்.

போன மாதம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல், "அடுத்த வருஷம்னு சொல்லிருக்கான், பாத்தியா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "யாரு?"

"உன் கேம்காரன்தான். அன்னிலேருந்து அவன் போடறது ஒண்ணு விடாம படிக்கறேன்."

"நீ எதுக்குடி அதையெல்லாம் படிக்கிற?"

"அது வந்தா மொத ஆட்டம் நான்தான் ஆடுவேன். உன் கப்பல் ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போய், எதுலயாவது மோதி உடைக்கணும்." சிவப்புப் பேனாவால் ஒரு விடையை அடித்தாள். "மொத்தம் எத்தன வச்சிருக்க?"

சொன்னேன். அப்பா அன்றைக்கு வாசித்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

"அத கடைசியா வச்சுக்கறேன்" என்றாள் சுதா.