பாலத்துக்கு அந்தப் பக்கம் என் இடுப்பு குற்றவாளி

அன்பு மகள் ஒடெட்டுக்கு, அப்பா லூசியன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் சுகம். ஒழுகும் கூரையும் வழக்கம்போல் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஸ்டூவர்ட்டும், உன் அம்மாவின் பெயரைச் சுமக்கும் குட்டி சிமோனும் நலமாயிருக்க வேண்டும். போனை நீ எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கிழிப்பதற்கு முன் படித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்கு நான் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். வந்தேன் அம்மா, மூன்று தடவை வந்தேன். கோட்டு, டை, பளபளக்கும் பூட்ஸ், எல்லாம் போட்டுக்கொண்டு விடிந்ததுமே கிளம்பினேன். பாலத்தின் நடுவில் 'நியூயார்க் வரவேற்கிறது' என்ற பலகையைப் பார்த்த பிறகுதான் இடுப்பில் கைத்துப்பாக்கி இருப்பது உறைத்தது. நம் வெர்மான்ட் மாநிலத்தில் அதைக் கட்டிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனாலும் தக்காளி விலையைத்தான் சொல்வார்கள். அனுமதிச் சீட்டு என்ற ஒன்றே இங்கு கிடையாது. அக்கரையிலோ அவர்கள் கொடுத்த சீட்டு இல்லாமல் வைத்திருந்தால் ஜெயில். அதே ஏரி, அதே பனி, அதே கிழவன்; நடுவில் ஒரு கோடு. பேத்தியின் ஞானஸ்நானத்தன்று தாத்தா கம்பி எண்ணினால் நன்றாயிருக்குமா? பாலம் முழுக்க வண்டியைப் பின்னோக்கியே ஓட்டி வந்தேன். எனக்குப் பின்னால் வைக்கோல் வண்டியோடு வந்தவன் என் பரம்பரையையே வாழ்த்தினான்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் மேவிஸின் கடை உனக்குத் தெரியும். அக்கரைக்குப் போகிறவர்கள் துப்பாக்கியை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். அவளே பின்னிய கம்பளிக் கையுறை ஜோடியில் இடதைத் துப்பாக்கியில் கட்டி உள்ளே பூட்டுவாள், வலதை நம்மிடம் கொடுப்பாள். வலது கையுறையைக் காட்டாமல் கவர்னரே வந்து நின்றாலும் பொருள் கிடைக்காது. அன்று பார்த்துக் கடை பூட்டியிருந்தது. ஆற அமரத் திறந்தவள், "பேத்திக்குச் சாமி பேரு வைக்கப் போறியா, சண்டைக்குப் போறியாய்யா?" என்று கேட்டாள்.

ஒற்றைக் கையுறையோடு மறுபடி பாலம் ஏறினேன். கைக்குட்டை எடுக்கப் பைக்குள் கைவிட்டால், தோட்டாக்கள் நிரப்பிய உறை! அதற்கு அங்கே என்ன தண்டனையோ, யார் கண்டது? திரும்பவும் பின்னோக்கியே வந்தேன். "இன்னும் பீரங்கி ஏதாவது வச்சிருக்கியா? இப்பவே சொல்லிடு," என்றாள் மேவிஸ். மூன்றாவது தடவை ஒருவழியாகக் கோயிலை அடைந்தபோது மெழுகுவத்திகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் தண்ணீர் மட்டும் இருந்தது. நான் ஏந்தி நிற்க வேண்டிய பிள்ளையை வேறு யாரோ ஏந்தி நின்றிருக்கிறார்கள். உன் வீட்டு வாசலுக்கு வர எனக்கு முகமில்லை. வழியில் துப்பாக்கியை வாங்கிக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

வந்து பார்த்தால் போனில் பதிவாகியிருந்தது உன் குரல். "ஏன் வரல? எங்களவிட அந்தத் துப்பாக்கி உங்களுக்குப் பெருசாப் போச்சாப்பா? இனிமே வரவே வேணாம்." அதை எத்தனை முறை போட்டுக் கேட்டேனோ தெரியாது.

முப்பது வருஷத்தில் அந்தத் துப்பாக்கி ஒரே தடவைதான் வெடித்தது. அதுவும் என் வண்டியின் டயரைத்தான் சுட்டது. நான் மலைப்பாதையில் தனியாகப் பால் வண்டி ஓட்டிய காலத்தில் உன் அம்மா தன் கன்றுக்குட்டியை விற்று அதை வாங்கித் தந்தாள். தினமும் அவள் கையாலேயே கட்டிவிட்டு, இடுப்பில் லேசாக ஒரு தட்டுத் தட்டி, "முழுசா வீடு வந்து சேருங்க," என்பாள். அவள் போன பிறகு நானே கட்டி நானே தட்டிக்கொள்கிறேன். எனக்கு வேண்டியது அந்தத் தட்டுத்தான் ஒடெட், இரும்பு இல்லை. அதை உன்னிடம் சொல்ல வெட்கமாயிருந்தது.

ஆனாலும் ரோஷம் எனக்கும் உண்டு. ஒரு மனிதனை ஞானஸ்நானத்துக்குப் போகவிடாமல் பாலத்தில் பின்னோக்கியே வண்டி ஓட்டவைக்கிற மாநிலத்தில் இனி நான் கால் வைப்பதாக இல்லை. இது முடிவு. குட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்களே இங்கு வாருங்கள். மேப்பிள் மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன். அவளுக்குப் பல் முளைக்கும்வரை நான் தின்றுகொண்டிருப்பேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி. குட்டி சிமோனின் உள்ளங்கால் இரண்டுக்கும் தாத்தாவின் முத்தம்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மேவிஸிடம் போனேன். "இந்தா இருக்கு பாலம், இதுக்குக் கடுதாசியா? நேர்ல போய்யா!" என்று விரட்டிவிட்டாள். ஆகவே இதை உன் கதவிடுக்கில் நானே செருகுகிறேன். துப்பாக்கியை அவளிடமே விட்டுவிட்டேன்; கூடவே இருக்கும் வலது கையுறை உனக்கு. அது இல்லாமல் மேவிஸ் எனக்கேகூடத் துப்பாக்கியைத் தரமாட்டாள். கையுறையை எனக்கு எப்போது தருவது என்பது இனி உன் பாடு. நான் வாசற்படியில்தான் நிற்கிறேன். இடுப்பு காலி. வலது கை விறைக்கிறது, சீக்கிரம் கதவைத் திற. குளிர்ந்த கையோடு பிள்ளையைத் தூக்கக்கூடாது.