சூரியக் கரி

மாசில்லா மின்சக்தி அலுவலகத்தின் மொட்டை மாடியில் இருந்த சூரியத் தகடுகளைத் துடைப்பதற்கென்றே ஒருத்தியை முறைப்படி நியமித்திருந்தார்கள். தகடு பளிச்சென்று இருந்தால்தான் வெயிலிலிருந்து கரண்ட் வருமாம். துடைக்கத் தண்ணீர் வேண்டுமே? அதை டீசல் லாரி கொண்டுவந்தது. லாரியை ஓட்டியவன் அவள் புருஷன். என்ஜினை ஓடவிட்டே தண்ணீரை மேலே ஏற்றுவான். அவன் விட்ட புகை தகட்டில் படியும். அவன் தந்த தண்ணீரால் அவள் அதைத் துடைப்பாள். குடும்பம் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் பெரிய அதிகாரி மாடியேறி வந்து தகட்டை விரலால் தொட்டார். விரல் கறுத்துப்போனது.

"ஏம்மா, இந்தக் கரி எங்கேருந்து வருது?"

கீழே லாரி உறுமிக்கொண்டிருந்தது. லாரி என்றால் புருஷன் வேலை போகும். கரியே வராவிட்டால் அவள் வேலையும் போகும். அப்புறம் வீட்டில் அடுப்பு எரியாது. அவளுக்கோ அதிகாரிகளைக் கண்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எதையாவது காட்டித் தப்பிப்போம் என்று மேலே பறந்த காக்கையைக் காட்டினாள். அவர் நிமிர்வதற்குள் காக்கை போய்விட்டது. அவள் விரல் நீட்டிய வானத்தில் மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"சூரியனா?"

இல்லை என்று சொல்ல தைரியம் வரவில்லை. "ஆமா சார். அதுவும் எரியுதுல்ல?"

எரிவது எதுவும் புகையும் என்பதை அதிகாரியால் மறுக்க முடியவில்லை. "அடடா, இத்தனை நாள் யாருக்கும் தோணலையே!"

வல்லுநர் குழு கூடியது. சூரியனிடம் விளக்கம் கேட்கலாம் என்றார் ஒருவர். முகவரி தெரியாததால் அந்த யோசனை கைவிடப்பட்டது. முடிவில், 'மேற்படி சூரியனின் மாசிலிருந்து தகடுகளைப் பாதுகாக்கும் பொருட்டு' மாடி முழுவதற்கும் தகரக் கூரை போடப்பட்டது. நிழலில் கிடக்கும் தகடு கரண்ட் தராதே? அதற்காகக் கூரைக்கடியிலேயே ஒரு டீசல் ஜெனரேட்டரை வைத்தார்கள். அதற்கு டீசல் கொண்டுவரும் பொறுப்பும் அவள் புருஷனுக்கே வந்தது.

"அடியே, அவர்கிட்ட அப்படி என்னதான் சொன்னே?"

"நான் எங்கேங்க சொன்னேன்? காக்காயைக் காட்டினேன்."

"நல்லவேளை அது பறந்துச்சு. இல்லாட்டி அதுக்கும் ஒரு கூரை போட்டிருப்பாங்க."

ஜெனரேட்டர் புகைக்குப் போக வழியில்லை. தகட்டில் கரி அப்பிக்கொண்டது. அதிகாரி தலையில் கை வைத்தார். "பாத்தியாம்மா, கூரை போட்டும் விடலை. எவ்வளவு பிடிவாதம் அதுக்கு!"

பார்வையாளர்கள் வந்தால் சூரியக் கரியைப் பற்றி அவளைத்தான் விளக்கச் சொன்னார்கள். முதலில் தரையைப் பார்த்துச் சொன்னாள். போகப்போக நிமிர்ந்தே சொன்னாள். கடைசியில், யாரும் சொல்லாமலே வீட்டு ஜன்னலை வெயிலுக்குச் சாத்தவும் ஆரம்பித்தாள்.

வீடு, அலுவலகத்துக்குப் பின்னாலேயே இருந்த ஒற்றை அறை. ஒரு சாயங்காலம் முற்றத்தில் விளையாடிய மகள் இருமிக்கொண்டே உள்ளே வந்தாள். அவள் கையிலிருந்த துணியால் மகளின் மூக்கைத் துடைத்தாள். துணி கறுத்தது.

"என்னடி இது, மூக்குக்குள்ள எல்லாம்?"

"சூரியக் கரிம்மா. நீதானே எல்லார்கிட்டயும் சொல்றே?"

அவள் வாயைத் திறந்தாள். வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டாள். துணியைத் திருப்பிப் பிடித்து மறுபடி துடைத்தாள். அந்த வேலைதான் அவளுக்குக் கைவந்ததாயிற்றே.