சாவியக்காவுக்கு ஒரு நாற்காலி

நன்றிக்கு விலையே கிடையாது என்பார்கள். ஊர் மண்டபத்தின் கமிட்டி பேரம் பேசி, அதற்கும் ஒரு விலை வைத்துவிட்டது: கை வைத்த, மெத்தை போட்ட தேக்கு நாற்காலி ஒன்று, ஏற்றுக்கூலி உட்பட.

சாவியக்காவுக்குத்தான். மண்டபத்தைத் திறப்பது, பெருக்குவது, தையல் வகுப்புக்கு மேசை இழுத்துப் போடுவது, சதுரங்கப் போட்டியில் அடிதடியை விலக்குவது, எல்லாம் அக்கா. ஊரையே உட்கார வைத்துவிட்டு, இத்தனை வருஷமும் கதவோரம் நின்றே காலம் தள்ளியவர்.

"சொல்லாம செஞ்சு அசத்தணும். ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது" என்றார் செயலாளர். அவர் ஜவுளிக்கடைக்காரர். கட்டிய மனைவியிடம்கூடக் கொள்முதல் விலையைச் சொன்னதில்லை.

ஆனால் மண்டபத்துக்கு இருப்பது ஒரே சாவி. அது அக்காவின் இடுப்பில்.

"ஞாயித்துக்கிழமை சாவி கொஞ்சம் வேணுமேக்கா."

"அந்தப் பூட்டு நீங்க சொன்னா கேக்காது தம்பி. நானே வந்து திறக்கறேன். என்ன விசேஷம்?"

கடையில் தாராளமாக வரும் பொய், இலவசமாகச் சொல்லும்போது வரவில்லை.

"ஒருத்தருக்குப் பாராட்டு."

"யாருக்கு?"

"மண்டபத்துக்கு நிறைய உழைச்சவருக்கு. பேரு... இப்ப வேணாமே."

அவர் காது சிவந்ததை அக்கா கவனித்தார். "ஓகோ" என்றார்.

அடுத்த சிக்கல் நாற்காலியின் அளவு. அக்காவை அளக்க முடியுமா? தானும் ஏறத்தாழ அதே உயரம்தானே என்று செயலாளர் தினமும் தச்சர் பட்டறைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். யாருக்கு என்று தச்சரிடமும் சொல்லவில்லை.

"முதுகுக்கு இன்னும் கொஞ்சம் சாய்வு வேணும்" என்று கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள், பக்கத்தில் பெருமூச்சு கேட்டது. கால் ஒடிந்த பெஞ்சோடு அக்கா நின்றார்.

செயலாளர் துள்ளி எழப் பார்த்தார்.

"உக்காருங்க தம்பி. நல்லா சாஞ்சு உக்காருங்க" என்றார் அக்கா. அந்தக் குரலில் அவ்வளவு கனிவை அவர் கேட்டதே இல்லை.

விழாவுக்கு முதல் நாள் அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "கதவைத் திறந்து விட்டுட்டு, நான் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பறேன்."

"ஐயையோ! நீங்க இல்லாம எப்படிக்கா? டீ... டீ யார் போடறது?"

ஆக, தன் பாராட்டு விழாவுக்குத் தானே டீ போடும் பாக்கியம் அக்காவுக்குக் கிடைத்தது.

"எத்தனை பேருக்குப் போடட்டும்?"

செயலாளர் திரும்பிப் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர், அதாவது மருந்துக்கடைக்காரர், அவர் காதைக் கடித்தார்: "நீங்கதானே மூச்சு விடக்கூடாதுன்னீங்க? என் வீட்டுக்காரிக்கே தெரியாது!"

"ஊர்ல ஒருத்தரையுமா கூப்பிடலை?"

"நீங்க கூப்பிட்டீங்களா?"

செயலாளர் அக்கா பக்கம் திரும்பினார். "ஒரு மூணு பேருக்குப் போடுங்கக்கா."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. "மனசை விட்டுடாதீங்க தம்பி. நான் இருக்கேன்."

ஞாயிறு மாலை செயலாளர் காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். காலி மண்டபத்தில் நன்றி சொல்வது அக்காவை அவமானப்படுத்துவது போல அல்லவா?

கதவைத் தள்ளினார். மண்டபம் பிதுங்கி வழிந்தது. சாயம் போன வேட்டிக்காக அவரோடு பேச்சை நிறுத்தியிருந்த வாத்தியார்கூட முன்வரிசையில். அவரைப் பார்த்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

'எப்பேர்ப்பட்ட நன்றியுள்ள ஊர்!' செயலாளருக்கு உடம்பு சிலிர்த்தது. மேடையில் நாற்காலி மினுங்கியது.

"இந்த நாற்காலி யாருக்குன்னா..."

"தெரியும், தெரியும்! கூச்சப்படாம உக்காருங்க!" என்றார் வாத்தியார்.

"...நம்ம சாவியக்காவுக்கு!"

தட்டத் தூக்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. அப்புறம் எழுந்த கைதட்டலில் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. டீத் தட்டோடு கதவோரம் நின்ற அக்காவைப் பெண்கள் இழுத்துவந்து உட்கார வைத்தார்கள். அந்த மண்டபத்தில் அவர் உட்கார்ந்ததை ஊர் அன்றுதான் பார்த்தது. சாய்வு கச்சிதமாக இருந்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் குலுங்கினார்.

கூட்டம் கலையும்போது செயலாளர் தச்சரைப் பிடித்தார். "நாங்க யாரையுமே கூப்பிடலையே. இவ்வளவு பேர் எப்படி வந்தீங்க?"

தச்சர் டீயை மெதுவாக உறிஞ்சினார்.

"அக்காதான் வீடு வீடா வந்து கெஞ்சினாங்க. 'பாவம் மனுஷன், தனக்குத் தானே நாற்காலி செஞ்சு தனக்குத் தானே விழா எடுக்கறார், எனக்காக ஒரு தடவை வந்து கை தட்டிடுங்க'ன்னு. அதனால, நீங்க உள்ளே வந்தப்ப எழுந்து நின்னு தட்டினோமே, அது மட்டும் நீங்க அக்காவுக்குப் பாக்கி."